பிரிக்காத மூணு பார்சல்

கொஞ்ச நாளா இந்தப் பக்கம் வர முடியல மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம். அதைவிடப் பெரிய ஆணி ஒண்ணு இருந்துச்சு, மங்கா ஃபாலோ பண்றது. மங்கான்னா ஜப்பான்காரங்களோட காமிக்ஸ். வலமிருந்து இடமா படிக்கணும். (தெரிஞ்சவங்க அடுத்த பாராவுக்கு ஜம்ப் பண்ணிடுங்க.)

வெளியில இருந்து பாத்தா இது பொழுதுபோக்கு மாதிரி தெரியும். உண்மையில இது ரெண்டாவது வேலை. ஷுயேஷா கம்பெனி 2019 ஜனவரியில மங்கா பிளஸ்னு ஒரு ஆப் விட்டாங்க. ஜப்பான்ல திங்கட்கிழமை பொறக்கற நேரம் நமக்கு ஞாயித்துக்கிழமை ராத்திரி 8.30. வாராவாரம் வர்ற கதைங்க அந்த நிமிஷமே இங்கிலீஷ்ல வந்துடும். ஆனா வியாழக்கிழமையே எவனாவது கதையைக் கசிய விட்டுடுவான். வெள்ளிக்கிழமை விமர்சனம் ஓட ஆரம்பிச்சுடும். ஸோ, ஞாயித்துக்கிழமை நான் படிக்க உட்காரும்போது யாரு சாகப்போறான், எந்தப் பக்கத்துல, அதுக்கு எத்தனை மார்க்கு எல்லாமே தெரியும். அப்புறம் என்னத்த படிக்கறது? டிக் அடிக்கறதுதான். 12 தொடருக்கு எக்ஸெல் ஷீட் வேற போட்டு வெச்சிருக்கேன். சிரிக்காதீங்க :-)

இந்த வியாதி எனக்குப் பரம்பரையா வந்தது. இப்போ கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

எங்க வீடு திண்டிவனம். அப்பாவுக்கு விழுப்புரத்துல ஒரு அரிசி மண்டியில கணக்கு எழுதற வேலை. தினம் ரயில்லதான் போய்ட்டு வருவார். 1972-ல முத்து காமிக்ஸ்ல வந்த இரும்புக்கை மாயாவியை பழைய புத்தகமா வாங்கிப் படிச்சு வளர்ந்தவர். 1984-ல லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் ஆரம்பிச்சப்ப அவருக்கு 18 வயசு. சம்பளம் வாங்கின நாள்லேர்ந்து காமிக்ஸ் காசு தனி. புக்கு கைக்கு வந்ததும் முதல்ல கதை படிக்க மாட்டார். எடிட்டர் எழுதற ஹாட்லைன், அப்புறம் வாசகர் கடிதம், அப்புறம் அடுத்த வெளியீடு விளம்பரம். அதாவது அவர் காலத்து ரிலீஸ் அப்டேட்டும் விமர்சனமும்! 2005-ல ராணி காமிக்ஸ் நின்னுபோனப்ப ரெண்டு நாள் வீட்ல சரியா பேசல. இப்போ சிவகாசியிலேர்ந்து லயன்-முத்து சந்தா பார்சல் வருது.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். சார்ஜர் தேடி பீரோ மேல கைய விட்டா மூணு பார்சல். ஒண்ணுகூட பிரிக்கல. ஒட்டின டேப் அப்படியே இருக்கு.

"என்னப்பா இது?"

"கண்ணு சரியில்லடா. பாண்டிச்சேரியில காட்டினேன். சர்க்கரை கண்ணைத் தொட்டுடுச்சாம். லேசர் வெச்சிருக்காங்க. எழுத்து கலங்கலா தெரியுது."

"ஏன் சொல்லல?"

"நீதான் வந்தா ஃபோனையே பாத்துட்டு இருக்கியே தம்பி."

கோவமா சொல்லல. அதான் பிரச்சினையே. ஜப்பான்ல தொகாஷின்னு ஒருத்தர், ஹன்டர் x ஹன்டர் வரையறவர். முதுகு வலியால 2018 கடைசியில நிறுத்தின கதையை 2022 அக்டோபர்லதான் திரும்ப ஆரம்பிச்சார். அந்த முதுகு வலியோட முழு ஹிஸ்டரியும் எனக்குத் தெரியும். பெத்த அப்பாவுக்குக் கண்ணு தெரியாதது தெரியாது.

பார்சலைப் பிரிச்சேன். டெக்ஸ் வில்லர். 1948-லேர்ந்து இத்தாலியில ஓடிட்டு இருக்கற கௌபாய். படிச்சுக் காட்டறேன்னு உட்கார்ந்தேன். பலூன்ல இருக்கற வசனத்தை மட்டும் கடகடன்னு வாசிச்சு, ரெண்டு நிமிஷத்துல அஞ்சு பக்கம் தாண்டிட்டேன்.

"நிறுத்துடா. வசனம் மட்டும் படிக்கற. படத்துல என்ன இருக்கு?"

"குதிரைல போறாங்கப்பா."

"எங்க போறாங்க? மலையா, பொட்டல்காடா? வெள்ளிமுடியார் என்ன பண்றார்?"

வெள்ளிமுடியார்னா டெக்ஸோட கூட்டாளி கார்சன். திரும்பப் பாத்தேன். கார்சன் கொஞ்சம் பின்னாடி வர்றார். தலையைத் திருப்பி மேட்டு மேல பாக்குறார். மேட்டு மேல பொட்டு மாதிரி ஒருத்தன். நான் கவனிக்கவே இல்ல. சொன்னேன்.

"அப்படின்னா பின்தொடர்றாங்கடா" அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துட்டார். நாலு பக்கம் தள்ளி அதேதான் நடந்துச்சு.

அடுத்து ஒரு பக்கம். வசனமே இல்ல. சும்மா திருப்பப் போனேன். "என்ன, சத்தமே காணோம்?"னார். அந்த ஒரு பக்கத்தைச் சொல்லி முடிக்க அஞ்சு நிமிஷம் ஆச்சு. நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னுகூட கேட்டார் மனுஷன். நடுவுல 8.30 அடிச்சுது, ஃபோனும் டொய்ங்னு அடிச்சுது. எடுக்கல.

சென்னைக்குத் திரும்பற ரயில்லதான் அந்த வார ஒன் பீஸைத் திறந்தேன். அப்பா பக்கத்துல உட்கார்ந்து "படத்துல என்ன இருக்கு?"ன்னு கேக்கற மாதிரியே இருந்துச்சு. ஒவ்வொரு கட்டமா மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன். பின்னாடி நிக்கற கூட்டத்துல ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனி மூஞ்சி! ஒடா 1997-லேர்ந்து இப்படி வரைஞ்சுட்டு இருக்கார். அந்தாளு ஒரு வாரம் உயிரக் குடுத்து வரையறதை நான் நாலு நிமிஷத்துல டிக் அடிச்சுட்டு, "இந்த வாரம் சுமார்"னு விமர்சனம் வேற எழுதிட்டு இருந்திருக்கேன்.

இப்போ ஷீட்ல 12 தொடர் இல்ல, மூணுதான். கசிஞ்ச கதை பக்கம் போறதில்ல. ஊருக்குப் போகாத வாரம் ராத்திரி வீடியோ கால். அம்மா புக்கோட பக்கத்தைக் கேமராவுக்கு நேரா பிடிப்பாங்க, நான் சொல்லுவேன். மூணு பார்சல்ல ஒண்ணுதான் முடிஞ்சிருக்கு. ரெண்டு பேருக்கும் அவசரமில்ல.

போன வாரம் அப்பாவே கேட்டார், "உன் ஜப்பான் கதை எத்தனை புக்குடா?"

"110க்கு மேலப்பா. இன்னும் முடியல."

கொஞ்சம் யோசிச்சார். "சரி, மொதல்லேர்ந்து ஆரம்பி."

டிஸ்கி: சர்க்கரை இருக்கற அப்பா அம்மாவுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டிடுங்க. மங்கல் தெரியறதுக்கு முன்னாடியே உள்ள பாதிப்பு ஆரம்பிச்சிருக்கலாம்னு டாக்டர் சொன்னார்.