நீர் கற்பித்த பாடம்

முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். தமிழ்ப் புலவர் ஒருவரிடம் இலக்கண இலக்கியங்களைப் பாடங்கேட்டு வளர்ந்தவன். வேதியியல் நூலை இளமையில் விருப்பத்தோடு தொட்டவன் அல்லன். அத்தகைய நான் வேதியியலைப் பற்றி எழுத முற்படுவது உங்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். என்னை இதற்கு ஆளாக்கியவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன்.

அஃது 1988-ஆம் ஆண்டு. ஒருநாள் வகுப்பில், உலகம் ஐம்பூதங்களின் கலப்பு என்று தொல்காப்பியம் கூறுவதை விளக்கிக் கொண்டிருந்தேன். நிலம், நீர், தீ, வளி, விசும்பு என்பவை மூலப்பொருள்கள். அவற்றைப் பகுத்தல் இயலாது என்றும் என் கருத்தாகச் சேர்த்துக் கூறினேன். அப்பொழுது கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான்.

“ஐயா, நீரைப் பகுக்கலாம் என்று வேதியியல் ஆசிரியர் கூறினார். நீங்கள் பகுக்க இயலாது என்கிறீர்கள். எதனை நாங்கள் மெய்யெனக் கொள்வது?” என்று பணிவுடன் கேட்டான்.

அவ்வினாவில் குற்றம் ஒன்றும் இல்லை. எனினும் எனக்குச் சினம் மூண்டது. “பெரியோர் வாக்கை அளந்து பார்க்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டாயோ? உட்கார்!” என்று அதட்டினேன். வகுப்பு நகைத்தது. அவன் தலைகுனிந்து அமர்ந்தான். அதன்பின் பல நாட்கள் அவன் என் வகுப்பில் வாய் திறக்கவில்லை. முன்பு வினாக்கள் எழுந்த அந்த இடத்தில் இப்பொழுது அமைதியே நிலவியது. அவ்வமைதி என் நெஞ்சை முள்ளாய்த் தைத்தது. விடை அறியாமையைச் சினத்தால் மறைத்தேன் என்பதை என் உள்ளம் நன்கு அறியும்.

ஒருநாள் மாலை, பள்ளி விட்டபின், ஆய்வுக்கூடத்துக்குச் சென்றேன். “வாருங்கள், தமிழையா!” என்று வேதியியல் ஆசிரியர் வரவேற்றார். நான் வந்த நோக்கத்தைக் கூறினேன். அவர் நகைக்கவில்லை. “சொல்வதைவிடக் காட்டுவதே நன்று” என்று கூறி, ஒரு கண்ணாடிக் கலத்தில் நீரை ஊற்றினார். தூய நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆதலின் அதில் நீர்த்த கந்தக அமிலத்தைச் சிறிது சேர்த்தார். கலத்தினுள் இரண்டு பிளாட்டினத் தகடுகள் இருந்தன. அவற்றின்மேல் நீர் நிறைந்த இரு சோதனைக் குழாய்களைக் கவிழ்த்து, தகடுகளை மின்கலங்களோடு இணைத்தார்.

இரு தகடுகளிலிருந்தும் சிறு குமிழிகள் முத்துக்களைப் போல் எழுந்தன. நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு குழாயில் சேர்ந்த வாயு மற்றொன்றில் சேர்ந்ததைப்போல் இரு மடங்காக இருந்தது. மிகுதியாக இருந்த வாயுவின் அருகில் எரியும் குச்சியைக் காட்டினார். ‘பட்’டென்னும் ஒலியோடு அது எரிந்தது. “இது ஹைட்ரஜன்” என்றார். மற்றொரு குழாயினுள் நெருப்பு அணைந்து கங்கு மட்டும் கனலும் குச்சியை நுழைத்தார்; அது மீண்டும் சுடர்விட்டு எரிந்தது. “இது ஆக்சிஜன்” என்றார்.

நான் வியந்து நின்றேன். பின்னர் அவர் இதன் வரலாற்றை உரைத்தார். 1766-ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் கேவண்டிஷ் ‘எரியும் காற்று’ ஒன்றை ஆராய்ந்து அதன் இயல்புகளை வெளியிட்டார். அக்காற்று எரியும்பொழுது நீர் உண்டாவதும் பின்னர்ப் புலப்பட்டது. நீர் ஒரு தனிமம் அன்று, கூட்டுப்பொருளே என்று பிரெஞ்சு அறிஞர் இலவாசியே 1783-இல் விளக்கினார். 1800-இல் நிக்கல்சன், கார்லைல் என்னும் இருவர் மின்சாரத்தால் நீரைப் பகுத்துக் காட்டினர். இலவாசியேயும் ஓரிடத்தில் பிழைபட்டார். அமிலங்கள் யாவற்றிலும் ஆக்சிஜன் உண்டு என்று கருதி, ‘அமிலத்தைப் பிறப்பிப்பது’ என்னும் பொருளில் அவ்வாயுவுக்குப் பெயரிட்டார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்பதை டேவி 1810-இல் நிறுவினார். பெயர் நிலைத்தது; கருத்து திருந்தியது. பேரறிஞரும் பிழைபடுவர் என்றால், நான் என் பிழையை ஒப்புக்கொள்ள நாணுவது ஏன்?

கேட்டவற்றை எனக்குப் பழகிய நெறியிலே எண்ணிப் பார்த்தேன். “ஐயா, தனிமங்கள் எழுத்துக்களைப் போன்றவை எனலாமா? உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் கூடி 216 உயிர்மெய்கள் பிறக்கின்றன. ஒரு சில தனிமங்கள் கூடிப் பல சேர்மங்கள் பிறக்கின்றன அல்லவா?” என்று கேட்டேன்.

“நல்ல உவமை. ஆயின் ‘க்’ என்பதற்கு எத்தனை மாத்திரை?” என்றார் அவர்.

“அரை.”

“‘அ’ என்பதற்கு?”

“ஒன்று.”

“இரண்டும் கூடிய ‘க’ என்பதற்கு?”

“ஒன்றே. மெய்யின் அரை மாத்திரை உயிருள் அடங்கிவிடும்.”

“அங்கேதான் உங்கள் உவமை நின்றுவிடுகிறது. இங்கு எதுவும் மறைவதில்லை. ஒரு கிராம் ஹைட்ரஜன் எட்டுக் கிராம் ஆக்சிஜனோடு கூடினால் ஒன்பது கிராம் நீர் உண்டாகும், குறையவும் குறையாது, கூடவும் கூடாது” என்றார்.

உவமையின் அழகை அறிந்திருந்த நான், உவமையின் எல்லையை அன்று அறிந்தேன். உப்பும் நீரும் கலந்த கலவை வேறு, சேர்மம் வேறு என்பதும் விளங்கிற்று. கலவையில் உப்பின் கரிப்பு மாறுவதில்லை. கரையும் அளவுக்குள் எவ்வளவும் கலக்கலாம். காய்ச்சினால் உப்பு மீளும். சேர்மத்திலோ அளவு வரையறைப்பட்டது; கூடிய பொருள்களின் இயல்பு மாறிப் புதிய இயல்பு தோன்றுகிறது.

மறுநாள் வகுப்பில் அம்மாணவனை எழச் செய்தேன். அஞ்சி எழுந்தான். “தம்பி, அன்று நீ கேட்டதே சரி. நீரைப் பகுக்கலாம், நேற்று என் கண்ணால் கண்டேன். உன்னை அதட்டியது என் பிழை” என்றேன். பிறகு, “நம் முன்னோர் உலகை ஐம்புலன்களால் நோக்கி ஐம்பூதமென வகுத்தனர். பொருளைப் பகுத்து எடையிட்டுக் காணும் நெறி வேறு. அவ்வேறுபாட்டை நான் விளக்கியிருத்தல் வேண்டும்” என்றும் கூறினேன்.

வகுப்பு நகைக்கவில்லை. அவன் சற்றுத் தயங்கி, “ஐயா, இன்னும் ஓர் ஐயம். ஹைட்ரஜன் எரிகிறது, ஆக்சிஜன் எரியத் துணை செய்கிறது. இரண்டும் கூடிய நீர் நெருப்பை அணைப்பது எவ்வாறு?” என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியவில்லை. ஆயினும் அன்று எனக்குச் சினம் வரவில்லை. “அறியேன், தம்பி, கேட்டறிந்து நாளை சொல்கிறேன்” என்றேன்.

சொன்னவாறே மறுநாள் விடை கொணர்ந்தேன். நீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்த நிலை. வெந்து தணிந்த சாம்பல் மீண்டும் எரியாதது போல நீரும் எரியாது. மேலும், அது நெருப்பின் வெப்பத்தைக் கவர்ந்து ஆவியாகிறது. அவ்வாவி எரியும் பொருளைக் காற்று அணுகாதவாறு தடுக்கிறது. இதனைக் கேட்டபொழுது அவன் முகம் மலர்ந்தது. அன்றுமுதல் கடைசி வரிசையிலிருந்து வினாக்கள் மீண்டும் எழலாயின.

மாணவர்களே! இன்று அறியப்பட்ட தனிமங்கள் 118. அவை ஒவ்வொன்றும், ‘இது மெய்தானா?’ என்று எவரோ துணிந்து ஆராய்ந்ததன் பயனாக நமக்குக் கிடைத்தவை. ஆதலின் ஐயம் எழுந்தால் பணிவோடு கேளுங்கள். நாளை நீங்கள் பிறருக்குக் கற்பிக்கும் நிலையை அடைந்தால், தெரியாததைத் தெரியாதெனச் சொல்லத் தயங்காதீர்கள். என்னிடம் பயின்ற அம்மாணவனிடம் நான் பயின்றது இதுவே.