ஐந்து மாதங்கள்

என் தங்கை மகனுக்கு இரண்டு பிறந்தநாட்கள். வீட்டார் அறிந்தது 1999ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு நாள். பள்ளிப் பதிவேடு அறிந்தது அதே ஆண்டின் மே மாதம் 15ஆம் நாள். இரண்டாவதை உருவாக்கியவன் நான்.

2004ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கக் கைபிடித்து அழைத்துச் சென்றது தாய்மாமனாகிய நானே. கொமரலிங்கத்தைச் சாலையிலிருந்து பார்ப்பவருக்கு அமராவதி ஆறும் நெல்வயலும் தென்னந்தோப்பும்தான் தெரியும். விடிவதற்கு முன்பே பெண்களை ஏற்றிக்கொண்டு நூற்பாலைகளுக்குப் போகும் வேன்கள் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. அந்த வேன் ஒன்றில் தங்கையும் போய்க்கொண்டிருந்தாள். பையனைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஐந்து வயது நிறைந்தால்தான் சேர்க்க முடியும் என்றார்கள். அவனுக்கு நாலே முக்கால்கூட முழுதாக ஆகவில்லை. பிறப்புச் சான்று கைவசம் இல்லை என்று கூறி, மே மாதத் தேதி ஒன்றை எழுதிக் கையொப்பமிட்டேன். அதைப் பொய் என்று நான் நினைக்கவேயில்லை. எங்கள் தலைமுறையில், வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது. என் வகுப்பில் பாதிப்பேர் மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் பிறந்தவர்கள். ஐந்து மாதம் ஒரு பொருட்டா என்றே எண்ணினேன்.

அந்த ஐந்து மாதங்களுக்கான கணக்கு இருபது ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தது.

மருமகன் கபடி ஆடுவான். அமராவதி வற்றும் கோடையில் ஆற்று மணலில் கோடு கிழித்து ஆடத் தொடங்கியவன். ஒல்லியான உடம்பு, ஆனால் பிடி இரும்பு. மூலையில் நின்று எதிரணியானின் கணுக்காலை வளைத்துப் பிடிப்பான். 2016இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் வழியில்லை. திருப்பூருக்குப் போனான். கைமடியாக நுழைந்து, பிறகு செக்கிங், பிறகு கட்டிங் என்று நான்கு ஆண்டுகள் ஓடின. ஒன்றரை ஷிப்டு முடித்து அறைக்கு வருபவனுக்கு ஏது ஆட்டம்? பொங்கலுக்கும் கோயில் நோம்பிக்கும் ஊர் வந்தால் மட்டும், விளக்கு வெளிச்சத்தில் விடிய விடிய நடக்கும் போட்டிகளில் இறங்குவான். 2020 ஊரடங்கில் வேலை நின்று திரும்பி வந்தான்.

2022 ஆகஸ்ட் மாதம் புரோ கபடி லீக்கின் ஏலம் நடந்தது. பவன் ஷெராவத்தைத் தமிழ் தலைவாஸ் 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்த ஏலம் என்று பலருக்கும் நினைவிருக்கும். மருமகனின் கண்ணில் பட்டது வேறொரு செய்தி. அவ்வாண்டு பெங்களூரில் நடந்த கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளில் முதல் இரு இடங்களைப் பெற்ற கபடி அணிகளிலிருந்து 24 வீரர்களை ஏலப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். பல்கலைக்கழக அணிக்கு ஆடினால் அந்தக் கதவு வரை போகலாம் என்று அவனுக்குப் புரிந்தது. சேர்த்து வைத்த பணத்தோடு ஒரு தனியார் கல்லூரியில் இளங்கலை சேர்ந்தான். வகுப்பில் அவனே மூத்தவன். பதினேழு வயதுப் பிள்ளைகள் அவனை அண்ணா என்றழைத்தார்கள்.

முதலாண்டு முழங்கால் காயத்தில் போயிற்று. இரண்டாமாண்டு பல்கலைக்கழக அணியில் மாற்று ஆட்டக்காரனாக இடம் கிடைத்தது. மூன்றாமாண்டு இடது மூலை அவனுக்கே என்று பயிற்றுநர் சொல்லியிருந்தார். 2024 கோடையில் தகுதிப் படிவம் நிரப்பும்போதுதான் தெரிந்தது. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளில் ஆட ஜூலை 1ஆம் தேதியன்று 25 வயது நிறைந்திருக்கக் கூடாது. பதிவேட்டின்படி அவனுக்கு மே 15இல் நிறைந்துவிட்டது. உண்மைப்படி நிறைய இன்னும் மூன்று மாதங்களுக்கு மேல் இருந்தன.

பேரூராட்சி அலுவலகத்தில் பிறப்புப் பதிவைத் தேடி எடுத்தேன். அக்டோபர் என்று தெளிவாகவே இருந்தது. ஆனால் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலிருந்து ஆதார் வரை எல்லாவற்றிலும் மே. பொதுத்தேர்வு எழுதிய பின் தேதியை மாற்றுவதென்றால் நீதிமன்றம் வரை போக வேண்டும் என்றார்கள். அதற்குள் அந்த ஆண்டு முடிந்துவிட்டது.

டல்லஸில் வாழும் என் பழைய தோழர் ஒருவரிடம் தொலைபேசியில் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் பேஸ்பால் பித்தர். அங்குள்ள ஏற்பாட்டை விளக்கினார். 1965 முதல் தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்த மாணவர் மூன்றாமாண்டை முடித்தால் தேர்வுக்குரியவர் ஆவார்; அல்லது 21 வயதை எட்டினாலும் போதும். ஆகவே தாமதமாகக் கல்லூரிக்கு வந்தவர் இரண்டாமாண்டிலேயே தகுதி பெறுகிறார். அவருக்குப் பேரம் பேசும் வலுவும் அதிகம். தரும் தொகை பிடிக்காவிட்டால் திரும்பிப் போய் ஆட இன்னும் ஆண்டுகள் கையில் இருக்கின்றன. நான்காமாண்டை முடித்தவருக்கு அந்த வசதியில்லை; கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அங்கும் வயது மூத்தவனுக்குச் சங்கடம் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. இருபத்தொரு வயதுக்காரர் காட்டும் திறனைப் பத்தொன்பது வயதுக்காரர் காட்டினால் மதிப்பு பின்னவருக்கே. ஆனாலும் அங்கே 21 என்ற எண் ஒரு கதவைத் திறக்கிறது. இங்கே 25 என்ற எண் ஒரு கதவைச் சாத்துகிறது. இன்னொன்றும் சொன்னார். 2020இல் தொற்றால் பருவம் பாதியில் நின்றபோது, பேஸ்பால் உள்ளிட்ட அப்பருவத்துக் கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு ஓராண்டு கூடுதலாக அளித்தார்களாம். ஆடாத ஆண்டை ஆடியதாகக் கணக்கில் வைப்பது நியாயமில்லை என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். கைமடியாக நின்ற நான்கு ஆண்டுகளை அப்படிக் கழித்துப் பார்க்க யாரும் இல்லை.

வயது வரம்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாணவர் போட்டியில் முப்பது வயதுக்காரர் வந்து நின்றால் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இடமேது? வயதைக் குறைத்துக் காட்டி இளையோர் அணிகளில் நுழையும் மோசடி நம் நாட்டில் பழையது. கிரிக்கெட்டில் இதனால்தான் பதினாறு வயதுக்குட்பட்டோருக்கு மணிக்கட்டு எலும்பைப் படமெடுத்துப் பார்க்கிறார்கள். ராகுல் திராவிட் 2015இல் பட்டௌடி நினைவுச் சொற்பொழிவில் இந்த மோசடியைக் கடுமையாகவே சாடினார். நான் செய்தது அதற்கு நேர் எதிர், கூட்டிக் காட்டினேன். எங்களைப் போன்றவர்களுக்கு ஆட்டக்களம் கண்ணில் இருந்ததே இல்லை. பள்ளிக்கூட வாசல்தான் இருந்தது. எலும்பு வளர்ந்து முடிந்தவனுக்கு அந்தப் படமும் சாட்சி சொல்லாது.

உடம்பு ஓய்ந்துவிட்டது என்று சொல்லவும் முடியாது. தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் 1975இல் பிறந்தவர். 2016இல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிப் புரோ கபடி கோப்பையை வென்றார்; 2019இல் 44 வயதிலும் ஆடினார். ஆனால் பல்லாண்டுக் காலம் பெரிய களங்களில் ஆடிப் பெயர் பெற்றவர் அவர். பெயர் தெரியாத ஒருவன் இருபத்தைந்தில் வந்து நின்றால் அவனை யார் பார்ப்பார்கள்? 2017இல் அந்த லீக் புதியவர்களைத் தேடி முகாம்கள் நடத்தியபோது கேட்ட வயதே 18 முதல் 22 வரைதான். அப்போது அவன் திருப்பூரில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான்.

படிவம் திரும்பி வந்த அன்று மாலை அவனைப் பார்க்கப் போனேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. "நான் போட்ட கையெழுத்துடா மாப்ள" என்றேன். "உடுங்க மாமா. நீங்க சேத்தலீன்னா அம்மா வேலைக்குப் போயிருக்க முடியாது" என்றான். அவன் சொன்னது உண்மைதான். உண்மையாக இருந்ததால் அதிகம் வலித்தது. அவன் கோபித்திருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

பட்டப்படிப்பை முடித்துவிட்டான். இப்போது மறுபடியும் திருப்பூரில் கட்டிங் பிரிவில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வந்து சிறுவர்களுக்குப் பிடி சொல்லித் தருகிறான். சென்ற மாதம் ஆற்றங்கரைக்குப் போயிருந்தேன். பயிற்சி தொடங்கும் முன் ஒரு பிளாஸ்டிக் உறையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு பையனின் பிறப்புச் சான்று நகலையும் பள்ளி அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தான். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குத் தேதி மாறியிருந்தது.

"நாளைக்கே அப்பாவக் கூட்டிட்டுப் போயி மாத்திரு. பத்தாவது எழுதறதுக்குள்ள மாத்தோணும்" என்றான்.

பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. மணலில் கோடு கிழிக்கும் அவசரத்தில் தலையை ஆட்டிவிட்டு ஓடினான்.