தோற்ற படையின் காசு

பழங்காசு எது கிடைத்தாலும் முதலில் முகத்தைத் தேடுவது என் வழக்கம். ரோமானியக் காசு என்றால் கேட்கவே வேண்டாம். மூக்கையும் தாடையையும் வைத்தே இன்ன பேரரசர் என்று சொல்லிவிடுவார்கள். ரோமானியத் தளபதி மார்க் ஆண்டனி கி.மு. 32-31இல் அடித்த தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசில் அந்த வேலைக்கு இடமில்லை. வேறு காசுகளில் தன் முகத்தையும் எகிப்திய அரசி கிளியோபாத்ராவின் முகத்தையும் பொறித்துக்கொண்டவர், இதில் இரண்டையும் விட்டுவிட்டார். ஒரு பக்கம் துடுப்புக் கப்பல், சுற்றிலும் அவர் பெயரும் பதவியும். மறுபக்கம் இரண்டு படைக்கொடிகளுக்கு நடுவே கழுகுச் சின்னம். அதோடு லெஜியன் என்ற ரோமானியப் படைப்பிரிவு ஒன்றின் எண். 2 முதல் 23 வரை ஒவ்வொரு லெஜியனுக்கும் தனிக் காசு.

ரோமின் ஆட்சிக்குப் போட்டியிட்ட ஆக்டேவியனோடு போர் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. கிரேக்கத்தில் காத்திருந்த வீரனுக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும், அவன் மனம் விட்டுப்போகாமலும் பார்க்க வேண்டும். தன் படையின் எண்ணைக் காசில் கண்டால் யாருக்குத்தான் நெஞ்சு நிமிராது? ஆனால் அதே காசில் வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டியிருந்தார்கள். விழா மேடையில் பொன்னாடை போர்த்திவிட்டு, மாதக் கடைசியில் சம்பளத்தில் பிடித்தம் செய்யும் முதலாளியின் சாமர்த்தியம்தான் இது.

கி.மு. 31 செப்டம்பர் 2 அன்று ஆக்டியம் கடற்போரில் ஆண்டனி தோற்றார். கரையில் நின்ற லெஜியன்கள் சில நாட்களில் ஆக்டேவியனிடம் சரணடைந்தன. காசு மட்டும் சரணடையவில்லை. மட்ட வெள்ளியை யார் உருக்குவார்கள், யார் பதுக்குவார்கள்? நல்ல காசு பெட்டிக்குள் போனது. இந்த மட்டக் காசு கடைத்தெருவில் கைமாறிக்கொண்டே இருந்தது. வெள்ளியைச் சோதிக்க நாணயமாற்றுக்காரர்கள் குத்திய சிறு தழும்புகளைப் பல காசுகளில் இன்றும் பார்க்கலாம். கி.பி. 3ஆம் நூற்றாண்டில் புதைக்கப்பட்ட குவியல்களில்கூட இவை தேய்ந்துபோய்க் கிடக்கின்றன. இடையில் பேரரசர்கள் மார்க்கஸ் அவ்ரேலியஸும் லூசியஸ் வேருஸும் 6ஆம் லெஜியனின் காசை, ஆண்டனியின் பெயரோடேயே, மறுபடி அடித்தார்கள்.

நிறைவான வெள்ளியில் அடித்திருந்தால் தோற்ற படைகளின் எண்கள் இத்தனை காசுகளில் நமக்கு மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம்தான். அதற்காக ஆண்டனிக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை. மிஞ்சியது நமக்கு லாபம். குறைந்த வெள்ளி அந்த வீரனுடையது.