ஏடு தேடிய ஒற்றர்

ஒற்றாடலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர், துறவிக் கோலம் பூண்டு மறைபொருள் அறிந்துவரும் ஒற்றனையும் அதில் காட்டினார். நூலகர் கோலத்தைப் பற்றி அவர் ஏதும் கூறவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஒற்றாடச் சென்ற நூலகர்களோ கோலம் பூண்டவர்களல்லர்; மெய்யாகவே நூலகர்கள்.

போர் மூண்டதும் ஐரோப்பிய ஏடுகள் அமெரிக்காவுக்கு வருவது தடைப்பட்டது. பகைவர் நாட்டின் அறிவியல் இதழ்களும் செய்தித்தாள்களும் தொழிற்கூட விவரத் தொகுப்புகளும் கிட்டாமல் அவர்தம் வலிமையை எடைபோடுவது எங்ஙனம்? 1941 டிசம்பரில் அதிபர் ரூஸ்வெல்ட் இதற்கென ஒரு குழுவை அமைத்தார். ஹார்வர்ட் நூலகத்தில் பணிபுரிந்த பிரடெரிக் கில்கோர் அதன் பணிகளை நடத்தினார். நடுநிலை நாடுகளின் தலைநகரங்களான லிஸ்பனுக்கும் ஸ்டாக்ஹோமுக்கும் ஆட்கள் அனுப்பப்பட்டனர்.

ஸ்டாக்ஹோமுக்குச் சென்றவர் அடெல் கிப்ரே என்னும் அம்மையார். சிகாகோவில் இலத்தீன் பயின்று முனைவரானவர். வத்திக்கானின் பழஞ்சுவடிகளை அறிஞர்களுக்காக நுண்படமெடுத்துப் பழகிய கை. அந்தக் கை இப்போது ஜெர்மானிய வெளியீடுகளைப் பக்கம் பக்கமாகச் சுருளில் ஏற்றியது. மூட்டை மூட்டையான நூல்களை விமானத்தில் அனுப்ப இயலாது, படச்சுருளை அனுப்பலாம். துப்பாக்கியில்லை, நள்ளிரவுச் சாகசமில்லை. திரைப்பட ஒற்றர்களைக் கண்டு பழகிய நமக்கு இது சப்பென்றுதான் இருக்கும். வாஷிங்டனில் சுருள்கள் மலைபோலக் குவிந்தபோது, அவற்றுக்குப் பொருளடைவும் சுருக்கமும் மொழிபெயர்ப்பும் செய்து பயன்படும் பொருளாக்கியதும் இதே குழுவினர்தாம்.

மெய்யான சோதனை போர் முடிந்த பின்னரே வந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் குழுவொன்று, தன் நாட்டு நூலகங்களுக்கு நூல் திரட்ட ஜெர்மனி சென்றது. 1946 மே 13ஆம் நாள் நேசநாடுகளின் கட்டுப்பாட்டு மன்றம் பிறப்பித்த நான்காம் ஆணை, நாஜிக் கொள்கை பரப்பும் நூல்களைப் பறித்து அழிக்கப் பணித்தது. 1933இல் நாஜிகள் நூல்களுக்கு மூட்டிய தீயைக் கண்டு உலகம் பதறி ஆண்டுகள் பதின்மூன்றே ஆகியிருந்தன. கண்டனம் எழுந்தது. ஆகஸ்டில் ஆணை திருத்தப்பட்டது. ஆய்வுக்கெனச் சில படிகளை மட்டும் வைத்துக்கொள்ள இசைவு கிடைத்தது. எஞ்சியவை கூழாயின.

எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று பிரித்தெடுக்கும் வேலையில், ஏடு தேடிப் பழகிய நூலகர்களும் அமர வேண்டியிருந்தது.