சுவரின் மீது பழி

கீழக்கரையில் எங்கள் வீடு பாட்டனார் காலத்தது. கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்த்து இரண்டடிக் கனத்தில் எழுப்பிய சுவர்கள். சித்திரை வெயிலும் உள்ளே நுழையத் தயங்கும். அந்தப் பெருமையைப் பேசியே வளர்ந்தவர்கள் நாங்கள். அச்சுவர்களே ஒருநாள் உம்மாவின் நெஞ்சைக் கலக்கும் என்று எவர் எண்ணினோம்?

தம்பி குவைத்தில் இருக்கிறான். வெள்ளிக்கிழமைதோறும் கைப்பேசியில் முகம் காட்டிப் பேசுவான். உம்மாவின் அறையோ மூன்று சுவர்களுக்கு அப்பால், உள்கட்டில். அங்கே அவன் முகம் சிதறும். பேச்சு பாதியில் அறுந்து மீளும். முழங்கால் நோவினால் உம்மா முன்கூடத்திற்கு வர இயலாது. ஒருநாள் என் கையைப் பற்றிக்கொண்டு, "அவன் ஏதோ மறைக்கிறான் வாப்பா. சொல்ல வாயெடுத்து நிறுத்திடுறான்" என்றார்கள்.

நான் திடுக்கிட்டேன். அலை அறுந்த இடத்திலெல்லாம் ஒரு துயரத்தை இட்டு நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எத்தனை இரவுகள் உறங்காமல் கழிந்தனவோ!

நான் சுவரைப் பழித்தேன். அலையை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றை வாங்கி வந்து உம்மாவின் கட்டிலருகே வைத்தேன். பயனில்லை. தன்னிடமே வந்து சேராத அலையை அது எங்ஙனம் பிறருக்கு வழங்கும்? அலை நன்றாகக் கிட்டும் நடுவழியில் அதை வைத்தல் வேண்டும். அவ்வாறு வைத்தாலும், ஒரே அலைவரிசையில் வாங்குவதும் கொடுப்பதுமாக இருப்பின் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

பின்னரே பொறுமையாகப் படித்தேன். வீடுகளில் வைஃபை பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு அலைவரிசைகளில் இயங்குகிறது. 5 விரைவானது, ஆனால் கனத்த சுவரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். 2.4 வேகத்தில் தாழ்ந்தது. சுவரைக் கடப்பதில் மேலானது. இரும்பும் நிலைக்கண்ணாடியும் அலையைத் திருப்பிவிடும்.

இவற்றை அறிந்த பின் ரௌட்டர் இருந்த இடத்தைச் சென்று பார்த்தேன். முன்கூடத்தில், தரையோடு தரையாக, இரும்புப் பீரோவின் மறைவில் கிடந்தது. அங்கே வைத்தவன் நானேதான். என் அலுவலுக்கும் வந்துபோகும் நண்பர்களுக்கும் அது போதுமானதாக இருந்தது. உள்கட்டிலும் மனிதர் இருக்கின்றனர் என்பது அன்று என் நினைவில் எழவில்லை. தெருவில் நிற்பவனுக்கு எட்டிய அலை என்னைப் பெற்றவளுக்கு எட்டவில்லை. இதில் சுவரின் குற்றம் எவ்வளவு, என் குற்றம் எவ்வளவு?

ரௌட்டரைப் பீரோவின் மறைவிலிருந்து எடுத்து, முற்றத்தைப் பார்த்தவாறு உயரமான பலகையில் வைத்தேன். அதிலிருந்து ஈதர்நெட் கம்பி ஒன்றை, சுவரைத் துளைக்காமல், கதவுகளுக்கு மேலிருந்த காற்றுத் துவாரங்களின் வழியே உம்மாவின் அறைவரை இழுத்தோம். அத்தகைய கம்பி 100 மீட்டர் வரை தளராமல் செய்தியைக் கொண்டு செல்லும். அதன் முனையில் அக்செஸ் பாயிண்ட் என்னும் சிறு கருவியைப் பொருத்தினோம். அலை இனிச் சுவரோடு போராட வேண்டியதில்லை. அது அறைக்குள்ளேயே பிறக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை தம்பி பேசினான், தடையின்றிச் சிரித்தான். உம்மா திரையை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மெலிஞ்சுபோயிட்டியே வாப்பா" என்றார்கள்.

கவலை தீர்ந்துவிடவில்லை. ஆனால் இப்போது அது கண்ணால் கண்ட கவலை. அதற்கு அவன் மறுமொழி சொன்னான். உம்மாவுக்கு அது முழுமையாகக் கேட்டது.