கொட்டாஞ்சேனையிலிருந்து வெசாக் பார்க்க

மே மாதப் பௌர்ணமி நெருங்கும்போது எங்கள் வீட்டில் முதலில் தேடப்படுவது கால் கடிக்காத செருப்பு. பௌத்தர்களின் விளக்குத் திருநாளான வெசாக்கைப் பார்ப்பது நடந்து செய்கிற காரியம். அன்றிரவு கொழும்பு வீதிகளில் வாகனம் நகராது. நகர்ந்தாலும் கண்ணாடிக்குள் இருந்து பார்ப்பவருக்குப் பாதிதான் கிடைக்கும். விளக்குக் கூட்டுக்குள் உருகும் மெழுகுதிரியின் வாசம், காற்றில் சரசரக்கும் கடதாசி வால்கள், லொறியில் ஏறி வெள்ளைச் சட்டையோடு பக்திகீ எனும் பக்திப் பாடல்களைப் பாடிக்கொண்டு போகும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கரகரத்த தொண்டை, இவையெல்லாம் நடப்பவருக்கே உரியவை. எங்கள் குடும்பத்தின் வேகத்தை அம்மாவின் முழங்கால் தீர்மானிக்கிறது. அவர் ஒவ்வொரு வாசலிலும் நிற்பார். நிற்கிற சாக்கில் நாங்களும் ஒவ்வொரு வாசலையும் பார்ப்போம். மெல்ல நடக்கும் ஒருவர் இல்லாத குடும்பம் வெசாக்கை முழுதாகப் பார்க்க முடியாது என்று நான் நினைக்கிறேன்.

முதலில் எங்கள் ஒழுங்கை. இங்கே மின்கம்பத்துக்கு மின்கம்பம் கயிறு கட்டி, அதில் கூடுகளைத் தொங்கவிடுவார்கள். வெசாக் கூடு கட்டுவதை ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்த்தவருக்கு அதன் கணக்கு மறக்காது. மூங்கிலைச் சீவி ஈர்க்காக்கி, ஒரே அளவில் ஆறு சதுரங்கள் கட்ட வேண்டும். அந்த ஆறையும் மூலையோடு மூலை சேர்த்து நூலால் இறுக்கினால், இடைவெளிகளில் எட்டு முக்கோணங்கள் யாரும் கட்டாமலே வந்து நிற்கும். பிறகு மெல்லிய நிறக் கடதாசி ஒட்டி, ஓரத்துக்கு வெள்ளைக் கடதாசியில் பூவேலை வெட்டி, கீழ் முனைகளுக்கு வால் கட்டினால் கூடு தயார். பெரிய கூட்டைச் சுற்றி அதே வடிவத்தில் குட்டிக் கூடுகளைத் தொங்கவிடுவதும் வழக்கம். என் மகனுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் எதிர்வீட்டு சிங்கள மாமா. அவர் ஈர்க்குச் சீவுவதைப் பார்த்தால் கத்திக்குக் கண் இருப்பதாகவே தோன்றும். இப்போது பிளாஸ்டிக் கூடுகள் மலிவாகக் கிடைக்கின்றன, மழைக்கும் தாங்கும். ஆனாலும் என் மனம் கடதாசிக் கூட்டோடுதான். ஒரு மழைக்குக் கிழிந்து போகும் என்று தெரிந்தும் ஒருவர் ஒரு வாரம் உட்கார்ந்து கட்டுகிறாரே, வீதியில் போகிறவர்கள் ஓரிரவு பார்க்கட்டும் என்று. அந்த உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன்.

நாங்கள் இருக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வெசாக்குக்கும் உள்ள உறவு சாதாரணமானதல்ல. 1883இல் உயிர்த்த ஞாயிறன்று இங்கே தீபதுத்தாராம விகாரைக்கு வந்த பெரஹர ஊர்வலத்தினருக்கும் கத்தோலிக்கர்களுக்கும் இடையே பெரும் கலவரம் மூண்டது. அதன் பின்னர் பௌத்தர்களின் குறைகளை எடுத்துக்கொண்டு 1884இல் லண்டன் போனவர் அமெரிக்கரான கேணல் ஒல்கொட். 1885இல் வெசாக் பௌர்ணமி பொது விடுமுறையானது. இன்று உலகமெங்கும் பறக்கும் ஆறு வண்ணப் பௌத்தக் கொடி அதே ஆண்டு வெசாக் நாளில் முதன்முதலாக ஏற்றப்பட்டதும் இந்த விகாரையில்தான். அந்த விடுமுறைக்காக அன்றைய சட்டசபையில் பாடுபட்டவர்களில் தமிழ்ப் பிரதிநிதி பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லில் எழுப்பியவரும் அவரே. நூறாண்டுக்கும் மேல் கழித்து, 1999 டிசம்பரில், வெசாக் நாளை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்டபோது அதற்காக முன்நின்றவர் அப்போதைய வெளிவிவகார அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர், அவரும் தமிழர். இந்த இரண்டு செய்திகளையும் என் பிள்ளைகளுக்கு நடந்துகொண்டே சொல்வேன். இது யாருடைய பண்டிகை, நாம் இதில் விருந்தாளிகளா என்று மகள் ஒருமுறை கேட்டாள். அந்தக் கேள்விக்கு இந்த வரலாற்றைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

ஒழுங்கையைத் தாண்டினால் அடுத்தது பந்தல். கிராண்ட்பாஸ், தொட்டலங்க, பேலியகொடை என்று எங்கள் பக்கத்து வெசாக் பந்தல்களுக்குப் பெரிய பெயர் உண்டு. மூங்கிலும் கமுக மரமும் கொண்டு பல மாடி உயரத்துக்குச் சாரம் கட்டி, நடுவில் புத்தர் உருவத்தையும் சுற்றிலும் ஒரு கதையைக் காட்சி காட்சியாகத் தீட்டிய பலகைகளையும் பொருத்துவார்கள். அந்தப் பலகைகளின் விளிம்பெல்லாம் ஆயிரக்கணக்கான பல்புகள். அவை வெறுமனே எரிவதில்லை. ஓடும், சுழலும், விரியும், மடங்கும். இந்த ஓட்டத்தை இப்போது மின்னணுச் சில்லுகள் பார்த்துக்கொள்கின்றன. நான் சிறுவனாக இருந்தபோது பந்தலுக்குப் பின்னால் ஒரு மர உருளை இருந்தது. உருளையின் மேல் செப்புத் தகடுகளை வெவ்வேறு நீளத்தில் வெட்டி அறைந்திருப்பார்கள். ஒரு சின்ன மோட்டர் அதை மெதுவாகச் சுற்றும். வரிசையாக நிற்கும் உலோக நாக்குகளில் தகடு படும் நேரம் அந்தந்த வரிசை பல்புகளுக்குக் கரண்ட் போகும். தகடு விலகினால் அணையும். தகட்டை எப்படி வெட்டினார்களோ அப்படியே வெளிச்சம் ஓடும். உருளையிலிருந்து நீலப் பொறிகள் சிந்தும். எல்லோரும் பந்தலின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நானும் இன்னும் சில பெடியளும் பின்பக்கம் போய் உருளையைப் பார்த்துக்கொண்டு நிற்போம். உருளை ஓட்டும் ஆள் எங்களைத் துரத்தியதே இல்லை. கிட்ட வராதே என்று கையால் ஒரு கோடு காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

அம்மாவுக்குப் பந்தல் வேறு விதமாக அர்த்தமானது. நாங்கள் 1995 ஒக்டோபர் முடிவில் யாழ்ப்பாணத்தை விட்டு மழைக்குள் வெளியேறிய கூட்டத்தில் வந்தவர்கள். நாவற்குழிப் பாலத்தில் தோளோடு தோள் நெருக்கி மெல்ல மெல்ல நகர்ந்த அந்த இரவை அம்மா அதிகம் பேசுவதில்லை. கொழும்புக்கு வந்து சேர்ந்த பிறகு வந்த வெசாக்குகளில், அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வீதியில் இறங்க வேண்டும். சோதனைச் சாவடிகள் பந்தலுக்கு முன்னும் இருந்தன, பின்னும் இருந்தன. அம்மா வர மறுத்தார். ஓர் ஆண்டு எதிர்வீட்டு அன்ரி வந்து, பிள்ளைகளுக்காவது காட்டு என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அந்த ஆண்டுப் பந்தலில் படாசாராவின் கதை. புயலிரவில் கணவனைப் பாம்பு தீண்டிவிடுகிறது. இரண்டு பிள்ளைகளோடு பெருகிய ஆற்றைக் கடக்கும்போது கைக்குழந்தையைப் பருந்து தூக்கிப் போகிறது; மூத்தவனை வெள்ளம் கொண்டு போகிறது. பெற்றோரிடம் போகலாம் என்றால், அவர்களும் அதே புயலில் வீடு இடிந்து இறந்துபோன செய்தி வழியிலேயே கிடைக்கிறது. பித்துப் பிடித்துத் திரிந்த அவள் கடைசியில் புத்தர் முன் வந்து நிற்கிறாள். ஒலிபெருக்கியில் ஒருவர் இதையெல்லாம் சிங்களத்தில் கவியாகப் பாடிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. அன்ரி காதோடு சொல்லச் சொல்ல, ஆற்றுக் காட்சிப் பலகையை விட்டு அம்மாவின் கண் நகரவில்லை. பல்புகள் அந்தப் பலகையைச் சுற்றி நீல நிறத்தில் அலையலையாக ஓடின. கொஞ்ச நேரம் கழித்து, "இவளின்ர கதையையே இவ்வளவு பெரிசாக் கட்டி வைச்சிருக்கினம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த வியப்பு எனக்கு அன்று புரியவில்லை. எல்லாவற்றையும் ஆற்றில் விட்ட ஒரு பெண்ணின் கதையை நகரத்தின் நடுவில், ஐம்பதடி உயரத்தில், யாரும் தவறவிட முடியாத வெளிச்சத்தில் நிறுத்தியிருக்கிறார்கள் என்பது அவருக்குப் பெரிய செய்தியாக இருந்தது. அதன் பிறகு அம்மா எந்த ஆண்டும் வர மறுக்கவில்லை. பந்தலில் என்ன கதை என்று எங்களுக்கு முன்னால் விசாரித்து வைத்திருப்பார்.

நடையில் பசி வரும். அதற்காகவே வீட்டில் அன்றிரவு சமைப்பதில்லை. வீதிக்கு வீதி தன்சல் எனும் இலவச உணவுக் கொட்டில் இருக்கும். சோறும் பருப்பும், அவித்த கடலை, மரவள்ளிக்கிழங்கும் கட்டச் சம்பலும், பெலிமல் தண்ணீர், ஐஸ்கிறீம் என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெயர். வாலிபர்கள் கொடியைப் பிடித்துக்கொண்டு வீதியில் இறங்கி, போகிற பஸ்ஸை மறித்து, யன்னலுக்குள்ளால் கோப்பையை நீட்டுவார்கள். வரிசையில் நிற்பவரிடம் யார் எவர் என்று கேட்பதில்லை. வசதியானவர்கள் காரை ஒதுக்கிவிட்டு வந்து நிற்கிறார்கள். கொட்டாஞ்சேனைத் துறைமுகத் தொழிலாளர்கள் நிற்கிறார்கள். பர்தா அணிந்த பெண்கள் பிள்ளைகளோடு நிற்கிறார்கள். வாங்குவதில் வெட்கம் வேண்டாம் என்பதைப் பிள்ளைகள் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. கொடுக்கப் பழக்குகிறோம், வாங்கப் பழக்குவதை மறந்துவிடுகிறோம்.

தன்சல் வரிசையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு மணிமேகலை நினைவுக்கு வரும். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவள் கைக்கு வருவது மணிபல்லவத்தில், கோமுகி என்ற பொய்கையிலிருந்து. அந்தப் பாத்திரம் நினைத்த நாளில் மேலே வராது. ஆண்டுக்கொரு முறை, வைகாசி விசாகப் பௌர்ணமியில், புத்தர் பிறந்த நாளில்தான் வரும். அதாவது, இதே நாளில். மணிபல்லவம் நம் நயினாதீவு என்பது மரபு; நாகபூசணி அம்மன் கோயிலும் நாக விகாரையும் இன்று அந்தச் சின்னத் தீவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. பசித்தவருக்குச் சோறு கொடுக்கும் பாத்திரத்தை வெசாக் நாளோடு சேர்த்து வைத்த காப்பியம் தமிழில் இருக்கிறது. ஆகவே கடலைச் சுண்டலுக்குக் கை நீட்டும்போது நான் அயலார் வீட்டுச் சடங்கில் நிற்பதாக உணர்வதில்லை. என் மொழியின் மிகப் பழைய நினைவு ஒன்றுக்குள் நிற்கிறேன்.

பிறகு, கால் தாங்கினால், பேர வாவிப் பக்கம். கங்காராமை விகாரையைச் சுற்றியுள்ள வெசாக் வலயத்தில் வெளிச்சம் மிக அதிகம். நீரில் மிதக்கும் கூடுகள், மேடைகள், படம் எடுக்கும் கூட்டம். எனக்கு அங்கே பிடித்தது வாவிக்குள் அமைதியாக நிற்கும் சீமமாலகம் மட்டுமே. ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது. அதைக் கட்டப் பணம் கொடுத்தவர்கள், இறந்துபோன தங்கள் மகனின் நினைவாக, மூசாஜி என்ற முஸ்லிம் தம்பதி. பௌத்தத் துறவிகளுக்கான மண்டபம், அதன் வரைபடம் பாவாவுடையது, காசு ஒரு முஸ்லிம் தகப்பனுடையது. கொழும்பைப் பற்றி இதற்கு மேல் நான் பெருமைப்பட ஒன்றுமில்லை. மற்றபடி, பெரிய வலயங்களைவிட ஒழுங்கைகளே எனக்கு உயர்வு. வலயத்துக்குப் பின்னால் பணமும் விளம்பரப் பலகையும் நிற்கின்றன. ஒழுங்கையில் கூடு தொங்கவிட்ட கை யாருடையது என்று தெரியும்.

எல்லா ஆண்டும் இப்படியே போனதில்லை. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறன்று எங்கள் பக்கத்துக் கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு வந்த வெசாக்கில் வீதிகள் மங்கிக் கிடந்தன. பந்தல்கள் அநேகமாக இல்லை. எதிர்வீட்டில் ஒரே ஒரு வெள்ளைக் கூடு தொங்கியது. இறந்தவர்களுக்காக என்று மாமா சொன்னார். எங்கள் வீட்டிலும் வெள்ளைக் கடதாசியே ஒட்டினோம். 2020இல் ஊரடங்கு. 2022இல் மின்வெட்டும் எரிபொருள் வரிசையும். பல்ப் மாலைகளை எடுக்கவே மனமில்லாமல் ஒழுங்கையில் எல்லோரும் மெழுகுதிரிக்குத் திரும்பினார்கள். மெழுகுதிரி விலையும் ஏறியிருந்தது. அம்மா அலுமாரியிலிருந்து கார்த்திகை விளக்கீட்டுக்கு வைத்திருந்த சிட்டிகளை எடுத்து, மதில் மேல் வரிசையாக வைத்து, தேங்காய் எண்ணெய் விட்டு ஏற்றினார். எதிர்வீட்டு அன்ரி வந்து பார்த்துவிட்டு, தங்கள் மதிலுக்கும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இந்த முறை ஒரு மாற்றம் வரப்போகிறது. இவ்வளவு காலமும் வரிசையில் நின்று வாங்கியவர்கள், நாங்களும் ஏதாவது கொடுக்க வேண்டாமா என்று அம்மா ஆரம்பித்தார். சோறு எங்களால் முடியாது. கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணீர் முடியும். அம்மாவின் கைப்பக்குவத்தில் அது தனி ருசி. மனைவி கணக்குப் போட்டுப் பார்த்து, அயல் வீடுகளில் இரண்டு பெரிய கிடாரம் இரவல் கேட்டிருக்கிறாள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பதிவு செய்வதை ஒழுங்கைப் பெடியள் பார்த்துக்கொள்கிறார்கள். கொடி பிடித்து பஸ்ஸை மறிக்கும் வேலை தனக்கே என்று மகள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். கூடு இன்னும் பாதியில் நிற்கிறது. மகனும் மாமாவும் திண்ணையில் ஈர்க்குச் சீவிக்கொண்டிருக்கிறார்கள். இஞ்சிக்கு ஐந்துலாம்புச் சந்திக் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வந்து எடுக்கச் சொன்னார்கள்.