எடைக்குப் போட்ட ஏழு புத்தகம்

போன வாரம் ஈரோடு மண்டியில் மஞ்சளை இறக்கிவிட்டு, அப்படியே பஸ் ஏறி கோயமுத்தூரில் ஒரு புத்தகக் கடைக்குப் போனேன். அக்கா மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. மாமன் சீர் என்றால் புடவையோ மோதிரமோதான் எடுப்பார்கள். நான் ஹாரி பாட்டர் எடுக்கப் போனேன். காரணம் இருக்கிறது.

அம்மிணி காலேஜ் சேர்ந்த வருசம் ஆடி மாசம், அட்டாலியைச் சுத்தம் பண்ணும்போது ஒரு அட்டைப்பெட்டி கிடைத்தது. ஓரமெல்லாம் மடங்கி, அட்டை பிய்ந்த இங்கிலீஷ் புத்தகம் ஏழு. வாசலில் பழைய பேப்பர்காரர் நின்றார். எடைக்குப் போட்டுவிட்டேன். அதில் அஞ்சாவது மட்டும் 766 பக்கம், நல்ல கனம். பொங்கலுக்கு வந்தவள் பெட்டியைத் தேடினாள். விசயம் தெரிந்ததும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருசம் கோடை லீவுக்கு மட்டும் தோட்டத்துக்கு வரவில்லை.

கடைத் தம்பி பொறுமைசாலி. முதல் பதிப்பு 1997-ல் கெட்டி அட்டையில் 500 பிரதிதான் அச்சானதாம். அது இப்போது விற்கிற விலைக்கு நான் தோட்டத்தைத்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்து ஜிம் கே படம் வரைந்த பெரிய புத்தகங்களைக் காட்டினார். ஆந்தையும் ரயிலும், அடடா, எனக்கே கீழே வைக்க மனசு வரவில்லை. ஆனால் 2015-ல் ஆரம்பித்தவர் 2022-ல் அஞ்சாவதோடு நிறுத்திக்கொண்டாராம். ஏழைத் தொலைத்தவன் அஞ்சைத் திருப்பிக் கொடுத்தால் நியாயமா?

கடைசியில் இருபதாம் ஆண்டுக்கென்று வந்த 'ஹவுஸ்' பதிப்பைக் காட்டினார். கதையில் வருகிற பள்ளிக்கூடத்தில் நாலு ஹவுஸ். ஒவ்வொரு புத்தகமும் நாலு நிறத்தில். தாள் ஓரத்தில்கூட அந்த நிறப் பட்டை. ஏழு நாலு இருபத்தெட்டு. "எந்த ஹவுஸ் வேணுங்க சார்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. எட்டாவது படிக்கும்போது வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து, "மாமா, நீங்க ஹஃபிள்பஃப்" என்று சொல்லியிருக்கிறாள். மஞ்சள் நிறம், பாடுபடுகிற ஆட்கள், செடிகொடி டீச்சர்தான் அவர்களுக்குத் தலைவி என்று விளக்கம் வேறு. அவள் எந்த ஹவுஸ் என்று அன்றைக்கு நான் கேட்கவே இல்லை. அக்காவுக்கு போன் போட்டால், "ஹாஸ்டலாடா?" என்கிறாள்.

வேறு வழியில்லாமல் அவளுக்கே போட்டேன்.

"அம்மிணி, அந்தப் புத்தகத்துல நீ எந்த ஹவுஸ்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ரேவன்க்ளா மாமா. நீலம். ஏனுங் மாமா, என் புக்கு கெடச்சிருச்சுங்களா?"

இல்லை சாமி என்று சொல்லி வைத்துவிட்டேன். வேறென்ன சொல்ல? பழசில் அவள் பென்சிலில் எழுதி வைத்ததெல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்காது.

நீலத்தில் ஆறு இருந்தது. ஆறாவது பாகம் மட்டும் இல்லை. "சிவப்புல இருக்குங்க, ஒண்ணுதானே, சேர்த்து வெச்சுக்கலாமே" என்றார் தம்பி. வேண்டாம் என்று முன்பணம் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். அதுவரைக்கும் ஆறும் வேட்டியில் சுற்றி, காய்ந்த வேப்பிலை போட்டு, பீரோவில் இருக்கிறது. மஞ்சள் மூட்டை இருக்கிற அறையில் வைக்கப் போனேன். வாசம் ஏறிவிடும் என்று வீட்டுக்காரம்மா விடவில்லை.